நாளைக் காலை ஆறு மணிக்கு மறுபடி சொல்கிறோம்

குமரி மாவட்டத்து முட்டத்தின் பாறைகளை வெளியூர்க்காரர்கள் சினிமாவில் பார்த்திருப்பார்கள். 'அலைகள் ஓய்வதில்லை' 1981-இல் இங்கேதான் படமாக்கப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு அடையாளம் சகல புனிதர்கள் ஆலயம். கல்யாணம், சாவு, கடல் தகராறு, குடிநீர்ப் பிரச்சினை, எதுவானாலும் பேச்சு கடைசியில் கோயில் முற்றத்துக்குத்தான் வந்து சேரும். புயல் வந்தாலும் அப்படியே.

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. மீனவராக இருந்து திருத்தூதரான அந்திரேயாவின் திருநாள் அது. அன்று காலை ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தூரத்தில் கடலில் நகர்ந்துகொண்டிருந்தது. மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பரும் வாழையும் முறிந்து விழுந்தன. மாவட்டமே இருட்டில் கிடந்தது. செல்போனும் பல இடங்களில் கிடைக்கவில்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றி யாரிடம் கேட்பது? கரையோர ஊர்களில் பெண்கள் கோயிலுக்கு ஓடினார்கள். பங்குத்தந்தையிடம் கேட்க அவர்களுக்கு ஒரே கேள்விதான் இருந்தது: "சாமி, எங்க ஆளு எங்க?"

பதில் தெரியாத நிலையில் அந்தக் கேள்வியின் முன்னால் நிற்பவர் என்ன பேச வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுத வருகிறேன். பங்குத்தந்தையோடு இது முடிவதில்லை. பங்குப்பேரவை உறுப்பினர், அன்பியத் தலைவி, கோயில் மைக்கில் அறிவிப்பு வாசிக்கும் இளைஞர், ஊர் வாட்ஸ்அப் குழுவை நடத்துபவர் என்று அத்தனை பேரும் நெருக்கடி நாளில் ஊருக்கு வழிகாட்டிகள் ஆகிவிடுகிறார்கள். சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே சபைகளின் போதகர்களும் மூப்பர்களும் நிற்கும் இடமும் இதுவே.

இந்தக் கரைக்கு இது பழைய அனுபவம். 1544 ஜூன் மாதம் வடுகர் படைக்கு அஞ்சிய கரையோர மக்கள் குமரி முனையருகே கடற்பாறைகளில் ஏறி, சோறும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தார்கள். பிரான்சிஸ் சவேரியார் இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்றில் தோணிகள் போக முடியாமல் போகவே, கரைவழியே நடந்து போய்ச் சேர்ந்தார். கூட்டாளி மான்சிலாஸுக்கு அந்த மாதங்களில் அவர் எழுதிய கடிதங்களைப் படித்தால், எங்கே என்ன நிலைமை, அடுத்து யார் எங்கே போக வேண்டும், மக்களிடம் எவ்வளவு பொறுமை வேண்டும் என்று சின்னச் சின்னச் செய்திகளாகவே இருக்கின்றன. பெரிய பிரசங்கங்களைக் காணோம். எனக்கு அதுதான் பிடித்தது.

இனி மூன்று வாக்கியங்கள். நெருக்கடியில் பேச வேண்டிய பேச்சின் எலும்புக்கூடு இவ்வளவுதான்: இதுவரை எங்களுக்குத் தெரிந்தது இது. எங்களுக்குத் தெரியாதது இது. அடுத்து இத்தனை மணிக்கு மறுபடி சொல்வோம்.

முதல் வாக்கியத்தை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இரண்டாவதைச் சொல்லத்தான் நாக்கு எழும்பாது. பீடத்தில் நிற்பவர் 'தெரியாது' என்று சொன்னால் மரியாதை போய்விடும் என்ற பயம். உண்மையில் மரியாதை போவது, தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டு மறுநாள் மாற்றிப் பேசும்போதுதான். "எல்லாரும் பத்திரமா இருக்காங்க, பயப்படாதீங்க" என்று ஆறுதலுக்காகச் சொன்ன ஒரு சொல், அடுத்த வாரம் ஒரு வீட்டில் ஒப்பாரி எழும்போது, சொன்னவரின் மற்ற எல்லாச் சொற்களையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும்.

மூன்றாவது வாக்கியம்தான் என் கண்ணில் மிக முக்கியமானது. "நாளைக் காலை ஆறு மணிக்கு, பூசை முடிந்ததும், மணிமேடைக்குக் கீழே மறுபடி சொல்கிறோம்." இப்படி நேரமும் இடமும் குறித்துச் சொன்னால் ஜனம் அதுவரை கொஞ்சம் மூச்சு விடும். ஆறு மணிக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டாலும் வந்து நின்று, "ராத்திரி முழுக்க இன்னின்ன துறைமுகத்துக்குப் பேசினோம், புதிய தகவல் இல்லை, பகல் பன்னிரண்டுக்கு மறுபடி வருகிறோம்" என்று சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்கு ஆள் வரவில்லை என்றால் அந்த இடத்தை வதந்தி பிடித்துக்கொள்ளும்.

வேதத்தில் இதற்கு நல்ல பாடம் ஒன்று உண்டு. திருத்தூதர் பணிகள் 27-ஆம் அதிகாரம். பவுலைக் கைதியாக ஏற்றிச் சென்ற கப்பல் புயலில் சிக்குகிறது. பதினான்கு நாள் அலைக்கழிப்பு. கப்பலில் 276 பேர். பவுல் பேசும் விதத்தைக் கவனியுங்கள். உயிர்ச்சேதம் இருக்காது, ஆனால் கப்பல் போய்விடும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார். நல்ல செய்தியைச் சொல்ல வந்தவர் கெட்ட செய்தியை மறைக்கவில்லை. பிறகு எல்லோர் முன்னிலையிலும் அப்பத்தை எடுத்து, நன்றி கூறி, தானும் சாப்பிட்டு, அவர்களையும் சாப்பிட வைக்கிறார். பசித்தவனுக்கு முதலில் உணவு, பிறகு பேச்சு. கடல்புறத்தில் பிரசங்கம் வைக்கும் ஒவ்வொருவரும் புயல் காலத்துக்கு முன் இந்த அதிகாரத்தை ஒருமுறை வாசிப்பது நல்லது.

இப்போது கடலுக்குப் போனவர்களின் பட்டியலுக்கு வருகிறேன். ஒக்கி நாட்களில் குமரி மாவட்டக் கரையோரப் பங்குகள் செய்த மிகப் பெரிய வேலை இதுதான் என்பது என் கருத்து. எத்தனை பேர் இறந்தார்கள், எத்தனை பேர் காணவில்லை என்று அரசு சொன்ன எண்ணும், பங்குகள் வீடு வீடாகப் போய் எடுத்த எண்ணும் பல நாள் ஒத்துவரவில்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் ஆழ்கடல் விசைப்படகுகள் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மட்டும் புறப்படுவதில்லை, கொச்சியிலிருந்தும் கிளம்பும். ஒரு மாதம், அதற்கு மேலும்கூடக் கடலில் தங்கும். புயல் எச்சரிக்கை கரைக்கு வந்தது நவம்பர் 29-ஆம் தேதி. படகுகளோ அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போய்விட்டன. வயர்லெஸ் எட்டாத தூரம். பல படகுகள் லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்தின் தேவ்கட் துறைமுகத்திலும் குஜராத்திலும் ஒதுங்கின. யார் எங்கே ஒதுங்கினார், யார் எங்கும் ஒதுங்கவில்லை என்பதை ஒரு மாவட்ட அலுவலகக் கோப்பிலிருந்து எடுக்க முடியாது. அந்தத் தகவல் வீடுகளில் இருந்தது. வீடுகளின் கணக்கு அன்பியங்களில் இருந்தது.

அன்பியம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: பக்கத்துப் பக்கத்து வீடுகளாக ஏறக்குறைய முப்பது குடும்பங்கள் சேர்ந்த சின்னக் குழு. வாரம் ஒருமுறையோ மாதம் இருமுறையோ ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள், வேதம் வாசிப்பார்கள், ஊர்க்காரியம் பேசுவார்கள். கோட்டார் மறைமாவட்டம் இதை வளர்த்தெடுப்பதில் முன்னோடி. அன்பியங்களிலிருந்து வரும் ஆட்கள் பங்குப்பேரவையில் உட்காருவார்கள். சாதாரண நாளில் இது ஒரு ஜெபக் கூட்டமாகத்தான் தெரியும். புயல் நாளில் இதுதான் ஊரின் நரம்பு. மேலே சொல்வது முப்பது வீட்டுக்குப் பத்து நிமிடத்தில் போய்ச் சேரும். அதைவிட முக்கியம், முப்பது வீட்டில் இருப்பது பத்து நிமிடத்தில் மேலே வந்து சேரும்.

நல்ல பட்டியலில் என்ன இருக்க வேண்டும்? படகின் பெயர், பதிவு எண், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் தேதியில் கிளம்பியது, எத்தனை பேர், யார் யார், கடைசியாக யார் யாரோடு எப்போது பேசினார், வீட்டில் தொடர்புகொள்ள வேண்டியவர் யார், படகிலுள்ள கருவிகள் என்னென்ன. ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நம் படகுகளில் இன்று வட இந்தியாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இங்கே அன்பியம் இல்லை, கல்லறைத்தோட்டம் இல்லை, கோயில் முற்றத்தில் வந்து அழ ஒரு தாயும் இல்லை. அவர்கள் பெயர் பட்டியலில் ஏறவில்லை என்றால் அவர்கள் காணாமல் போனதே யாருக்கும் தெரியாமல் போகும். அவர்கள் கிறிஸ்தவர்களா என்று கேட்காமல் அவர்கள் பெயரையும் எழுதிவைப்பது பங்கின் கடமை.

பட்டியல் எழுதிய தாளை மேசைக்குள் பூட்டிவைக்கக் கூடாது. கோயில் சுவரில் ஒட்ட வேண்டும். அடித்துத் திருத்தினால் திருத்திய நேரத்தையும் எழுத வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போயிருந்தால் பார்க்கிறவர் சொல்லட்டும். ஊரே சேர்ந்து சரிபார்த்த பட்டியலுக்கு ஒரு பலம் உண்டு. மீன்வளத்துறை அதிகாரி வந்தாலும், அமைச்சர் வந்தாலும், பத்திரிகைக்காரர் வந்தாலும் அதையே நீட்டலாம். ஒரு தாளில் ஒரு எண்ணும் இன்னொரு தாளில் வேறு எண்ணுமாக இரண்டு பட்டியல் வெளியே போய்விட்டால், இரண்டையும் யாரும் நம்பமாட்டார்கள். ஆகவே, ஊருக்கு வெளியே பேசுவது ஒரு வாயாக இருக்கட்டும். பங்குத்தந்தையோ, பேரவைத் துணைத்தலைவரோ, தெளிவாகப் பேசத் தெரிந்த ஓர் ஆசிரியையோ. மற்றவர்கள் கோபத்தோடு கேமரா முன் நிற்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். ஆனால் எண்ணிக்கையைச் சொல்பவர் ஒருவராகவே இருக்க வேண்டும்.

சொல்லும் மொழியும் முக்கியம். வானிலை அறிக்கையில் வரும் சொற்களை அப்படியே மைக்கில் வாசித்தால் பாதிப்பேருக்குப் புரியாது. இன்ன திசையிலிருந்து காற்று, மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை வாடை, கச்சான் என்று நம் கடல்மொழியில் மாற்றிச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டும். காற்றே இல்லாத நாளில் எங்கோ தொலைவில் எழுந்த அலை திடீரென்று கரையேறுவதற்குக் கேரளத்திலும் நம் கரையிலும் கள்ளக்கடல் என்று பெயர். யுனெஸ்கோ அந்தப் பெயரையே 2012-இல் அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. 2024 மே 6-ஆம் தேதி முட்டத்துக்குப் பக்கத்தில், கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் இழுக்கப்பட்டு இறந்தார்கள். எச்சரிக்கை, கேட்பவர் காதுக்குப் புரியும் சொல்லில், அவர் நிற்கும் இடத்துக்கே போய்ச் சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பில் ஒரு வரி, கடற்கரையில் ஒரு பலகை, சுற்றுலா வருகிறவர்களிடம் சொல்ல ஒரு இளைஞர் குழு. கடல்புறத்துப் பங்குக்கு இதுவும் மேய்ப்புப் பணிதான்.

வதந்தியைப் பற்றிக் கொஞ்சம். அதிகாரபூர்வச் செய்தியும் சில நேரம் தவறும். சுனாமி அடித்த நான்காம் நாள், 2004 டிசம்பர் 30 அன்று, இன்னொரு சுனாமி வரலாம் என்று மத்திய அரசிடமிருந்து எச்சரிக்கை வந்தது. தமிழகக் கரை முழுவதும் மக்கள் பிணங்களையும் முகாம்களையும் விட்டுவிட்டு உள்நாட்டுக்கு ஓடினார்கள். அலை வரவில்லை. அந்த ஓட்டத்தின் நடுக்கம் பல நாள் இறங்கவில்லை. குளச்சலும் கொட்டில்பாடும் மணக்குடியும் தங்கள் பிள்ளைகளைக் குழிகளில் அடுக்கிப் புதைத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மாவட்டத்தில் கிட்டத்தட்ட 800 பேர் போனார்கள். அந்த மனநிலையில் இருப்பவர்களிடம் "வதந்தியை நம்பாதீர்கள்" என்று அறிவுரை சொல்வது வீண். "இந்தச் செய்தியை இன்னாரிடம் கேட்டுச் சரிபார்த்தோம், இந்த நேரம்வரை இதுதான் நிலைமை" என்று சொன்னால் கேட்பார்கள். உறுதியாகத் தெரியாத எச்சரிக்கை வந்தால், உயிரா பொருளா என்ற கேள்வியில் உயிர்ப் பக்கம் நின்று, "உறுதியில்லை, இருந்தாலும் மேட்டுக்குப் போவோம், வயதானவர்களை முதலில் கூட்டிப்போங்கள்" என்று சொல்லலாம். பின்னால் அலை வரவில்லையென்றால் அதற்கும் மைக்கில் விளக்கம் சொல்ல வேண்டும்.

கோயில் மணி இங்கே தனியாகப் பேச வேண்டிய விஷயம். நேரமல்லாத நேரத்தில் மணி அடித்தால் கடல்புறத்தில் சில நிமிடத்தில் ஊரே கூடிவிடும். ஆகவே யார் அடிக்கலாம், எதற்கு அடிக்கலாம் என்பதை அமைதியான நாளிலேயே பேரவை முடிவு செய்து, கோயில்பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மத மோதல் நாளில் இது இன்னும் முக்கியம். முட்டத்துக்குச் சில கிலோமீட்டர் மேற்கே மண்டைக்காடு. 1982 மார்ச்சில் அங்கே திருவிழா நாளில் தொடங்கிய மோதலும் துப்பாக்கிச் சூடும் கடற்கரையையும் உள்நாட்டையும் எவ்வளவு ஆழமாகப் பிளந்தன என்பதை இங்கே ஐம்பது வயது தாண்டிய யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள். அன்று வாய்வழியாகப் போன செய்தி நடந்ததைவிடப் பெரிதாகப் போனது. குன்றக்குடி அடிகளார் அந்த நாட்களில் இங்கே வந்து, இரண்டு பக்கத்து மக்களிடமும் போய்ப் பேசி, அமைதிக்காக உழைத்தார். ஒரு சைவ மடத்தின் தலைவர் கிறிஸ்தவ மீனவரிடமும் இந்து நாடாரிடமும் நேரில் போய்ப் பேசியது இந்த மாவட்டத்துக்கு ஒரு கொடை. நெருக்கடி மதங்களுக்கு நடுவே என்றால் நம் ஆட்களிடம் மட்டும் பேசி முடித்துக்கொள்ளும் தலைவர் பாதி வேலையைத்தான் செய்கிறார். அடுத்த ஊர்க் கோவில் நிர்வாகியின் செல்போன் எண் பங்குத்தந்தையிடம் இருக்கிறதா? இமாமின் எண்? அந்த எண்களைக் கலவரத்தன்று தேட முடியாது.

கோபத்துக்கு வருவோம். ஒக்கிக்கு ஒரு வாரம் கழித்து, டிசம்பர் 7 அன்று, மேற்குக் கரையோர ஊர்களின் மக்கள் ஆயிரக்கணக்கில் நடந்து வந்து குழித்துறை ரயில் நிலையத் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். குருக்கள் அவர்களோடு இருந்தார்கள். இரவுவரை அமர்ந்து, தேடுதலைத் தீவிரப்படுத்த வேண்டும், நிவாரணம் வேண்டும் என்று கேட்டார்கள். அடுத்த வாரம் முதலமைச்சரும் அதற்கடுத்து பிரதமரும் மாவட்டத்துக்கு வந்தார்கள். நாடாளுமன்றத்தின் உள்துறை நிலைக்குழு 2018-இல் ஒக்கியைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே எழுதியது. "சாமியார்களுக்குப் போராட்டத்தில் என்ன வேலை?" என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. ஜனம் எப்படியும் தெருவுக்கு வந்திருக்கும். தங்கள் மேய்ப்பர் நடுவில் உட்கார்ந்திருந்ததால்தான் அந்தக் கோபம் கோரிக்கையாக மாற முடிந்தது என்றே நான் நினைக்கிறேன். கோபப்படுகிறவரைப் பார்த்து "அமைதி, அமைதி" என்று மைக்கில் கத்தினால் கோபம் இரட்டிப்பாகும். "உங்கள் கோபம் நியாயம். நாம் கேட்பது இன்னின்னவை. இவ்வளவு பேர் உள்ளே போய்ப் பேசுவார்கள், திரும்பி வந்து இங்கேயே சொல்வார்கள்" என்று சொன்னால் அது ஒரு வழியைத் திறக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்று உண்டு. உடல் கிடைக்காத சாவு.

கடலில் காணாமல் போனவருடைய மனைவிக்கு அடக்கம் இல்லை, ஏழாம் நாள் இல்லை, தாலி கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்து இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். போனவர் இருக்கிறாரா இல்லையா என்பது முடிவாகாததால் துக்கமும் முடிவதில்லை. நம் நாட்டின் சாட்சியச் சட்டத்தின்படி ஏழு ஆண்டு தகவலே இல்லையென்றால்தான் ஒருவர் இறந்ததாகக் கருதலாம். ஒக்கியில் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது என்பதால் அரசு தனி ஏற்பாடு செய்து நிவாரணம் வழங்கியது. திருச்சபைச் சட்டத்திலும் 1707-ஆம் பிரிவின்படி, துணைவர் இறந்தார் என்று போதிய ஆதாரத்தோடு ஆயர் அறிவித்த பிறகுதான் மற்றவர் மறுமணம் செய்ய முடியும். இந்த இரண்டு சட்டத்தையும் அந்தப் பெண்ணுக்குப் பொறுமையாக உட்கார்ந்து விளக்க ஓர் ஆள் வேண்டும். அவசரப்பட்டு விளக்கவும் கூடாது.

இங்கே பேசுவதைவிடப் பேசாமலிருப்பது பெரிய திறமை. "ஆண்டவர் சித்தம்", "நல்லவங்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்கிடுவார்", "உனக்காவது பிள்ளைங்க இருக்கு" என்ற சொற்களைச் சாவு வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போங்கள். உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு சொல்லித்தருவது பார்த்தல், கேட்டல், இணைத்தல் என்ற மூன்றைத்தான். சாப்பிட்டார்களா, தூங்கினார்களா என்று பார்ப்பது. அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்பது. பணமோ மருத்துவமோ உறவோ, எது தேவையோ அதோடு இணைத்துவிடுவது. நம் கடற்கரைப் பெண்கள் இதைக் கையேடு இல்லாமலே செய்துவருகிறார்கள். சாவு வீட்டுக்கு வந்து, ஒன்றும் பேசாமல், அடுப்பை மூட்டிக் கஞ்சி வைத்துவிட்டுப் போவார்கள்.

காணாமல் போனவருக்கு எப்போது இரங்கல் பூசை வைப்பது? இதற்கு ஒரே பதில் கிடையாது. குடும்பத்தைக் கேட்காமல் பங்கு முடிவெடுக்கக் கூடாது என்பது மட்டும் உறுதி. சில வீட்டில் தாய் சம்மதிப்பார், மனைவி சம்மதிக்கமாட்டார். அப்போது "கடலில் இருக்கும் எல்லோருக்காகவும்" என்று பொதுவாக வேண்டலாம். அந்தச் சொல்லில் உயிரோடு இருப்பவரும் அடங்குவார், இறந்தவரும் அடங்குவார்.

பணம். புயலுக்குப் பிறகு வெளிநாட்டு உறவினர், தொண்டு நிறுவனங்கள், மற்ற மறைமாவட்டங்கள் என்று உதவி வரும். இறந்தவர் குடும்பம், படகை இழந்தவர், வலையை இழந்தவர், ஒன்றும் இழக்காமல் ஒரு மாதம் தொழில் இல்லாமல் கிடந்தவர், யாருக்கு எவ்வளவு? ஒக்கியில் ஒற்றுமையாக நின்ற ஊர்கள்கூடப் பங்கிடும்போது பிளந்துபோகும் அபாயம் உண்டு. திருச்சபைச் சட்டம் 537 ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது. 1287, மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. அதாவது கணக்கு கேட்பது கலகம் இல்லை, சட்டம். யாருக்குக் கொடுப்பது என்ற விதியைப் பணம் வருவதற்கு முன்பே எழுதி வாசித்துவிட வேண்டும். கொடுத்த பிறகு வந்த தொகை, போன தொகை, மிச்சம் மூன்றையும் பட்டியல் ஒட்டிய அதே சுவரில் ஒட்ட வேண்டும்.

கொரோனா காலம் வேறு விதமான சோதனை. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு. ஏப்ரல் 12 அன்று உயிர்ப்பு ஞாயிறு, ஆலயக் கதவுகள் மூடிக் கிடந்தன. மக்கள் கூடுவதே பலமாக இருந்த ஊர்களில் கூடாதே என்று சொல்ல வேண்டிவந்தது. அப்போது உதவியது வீடுவீடாகப் போன தொலைபேசி. அன்பியத்துக்கு ஒருவர், நாளைக்குப் பத்து வீடு, "சாப்பாடு இருக்கா, மருந்து இருக்கா" என்ற இரண்டே கேள்வி. ஈரானில் சிக்கியிருந்த நம் மீனவர்களின் வீடுகளில் அந்த மாதங்கள் எப்படிப் போயின என்பது கரையோரப் பங்குகளுக்குத் தெரியும். கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் 2020 ஜூலை 1 அன்று 687 பேரைத் தூத்துக்குடியில் இறக்கிய பிறகுதான் பல வீடுகளில் உலை கொதித்தது.

கடைசியாக, வெளியிலிருந்து வராத புயல். ஒரு குழந்தையிடம் கோயில் ஆள் ஒருவரே தவறாக நடந்தார் என்ற புகார் வந்தால்? ஊர்ப்பெயர் கெடும், திருச்சபைப் பெயர் கெடும் என்று உள்ளேயே பேசி முடிக்கச் சொல்கிறவர்கள் முதலில் கிளம்பி வருவார்கள். அவர்களுக்குப் பதில் எளிது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவின்படி தெரிந்தவர் யாராக இருந்தாலும் போலீசில் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காதது குற்றம். போப் பிரான்சிஸ் 2019 மே மாதம் வெளியிட்ட சட்டமும் இத்தகைய புகார்களைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் குருக்களுக்கும் துறவியருக்கும் கட்டாயமாக்கியது. ஞாயிறு பூசையில் சொல்ல வேண்டியது, "புகார் ஒன்று வந்தது, போலீசில் கொடுத்துவிட்டோம், விசாரணை முடியும்வரை அவர் பணியில் இல்லை, வேறு யாருக்காவது சொல்ல இருந்தால் இந்த இடத்தில் சொல்லலாம்" என்பதுதான். குழந்தையின் பெயர், தெரு, அன்பியம் எதுவும் வாயில் வரக் கூடாது. மைக்கில் நேர்மையாகவும் குழந்தை விஷயத்தில் மௌனமாகவும் இருக்கும் பங்கு மறுபடி நிமிரும். மறைத்த பங்கு நிமிர்வதில்லை.

இத்தனையும் செய்கிறவருக்கும் தூக்கம் வேண்டும். ஒக்கி வாரத்தில் குருக்கள் பலர் தங்கள் ஊர்களில் இரவு பகலாக நின்றார்கள். பங்குத்தந்தையை இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்லிவிட்டு வாசலில் உட்காரும் ஒரு பேரவை உறுப்பினர் ஒவ்வொரு ஊரிலும் இருக்க வேண்டும்.

குமரியின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் முட்டத்திலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் கரையில் நிற்கும் அறுபத்தொரு நாள். ஆட்கள் வீட்டில் இருப்பார்கள். உங்கள் அன்பியத்தில் படகுப் பட்டியல் இருக்கிறதா, எப்போது கடைசியாகத் திருத்தினீர்கள், படகில் வேலை செய்யும் வெளிமாநிலப் பிள்ளைகளின் பெயர் அதில் இருக்கிறதா என்று இந்தத் தடைக்காலத்திலேயே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு முதல் வீட்டில் தொடங்குங்கள்; ஆகஸ்ட் முதல் தேதி படகுகள் கிளம்பிவிடும்.